சாரல் ஆகாத உடம்பு

குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதற்கென்றே ஊர் ஊராக ஜனங்கள் கிளம்பி வருகிற இடம் குற்றாலம். எனக்கோ குளிர்ந்த தண்ணீர் பட்டால் தடித்துப்போகும் உடம்பு. என் அப்பா ஜாதகம் பார்த்தார், மாப்பிள்ளைக்கு ரயில்வே வேலை என்று பார்த்தார், குடும்பம் நல்ல குடும்பம் என்று நாலு பேரிடம் விசாரித்தார். எல்லாம் பார்த்து, கடைசியில் அருவிக்குக் கூப்பிடு தூரத்தில், தென்காசியில், என்னைக் கட்டிக்கொடுத்தார். பத்துப் பொருத்தத்தில் தண்ணீர்ப் பொருத்தம் என்று ஒன்று கிடையாதே, அவரைச் சொல்லி என்ன!

நான் பிறந்தது சாத்தூர்ப் பக்கம். அங்கே ஆடி மாதம் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும். அதனால் என் உடம்பின் குணம் வெகுநாள் வெளியே தெரியவில்லை. குச்சி ஐஸ் தின்றால் மட்டும் உதடு வீங்கும். “ஐஸ் சூடு, அதான்” என்பாள் அம்மா. ஐஸ் எப்படியம்மா சூடாகும் என்று கேட்டால் முதுகில் ஒன்று விழும். மதுரையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கப்போன பிறகுதான் அதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பனிக்கட்டியை எடுத்து முன்கையில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். எடுத்த பிறகு, கட்டி இருந்த இடத்தில் அதே சதுரம் சிவந்து எழும்பியது. பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு, “நல்ல ஆளாப் பாத்துத்தான் இந்தத் தலைப்பைக் குடுத்திருக்கேன்” என்று சிரித்தார்.

என் தலைப்பு மாஸ்ட் செல். தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்களை ஒட்டிக் குடியிருக்கும் செல் அது. நீலச் சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலமாகத் தெரியாது, வயிறு நிறைய ஊதா மணிகளோடு தெரியும். அந்த மணிகளுக்குள்தான் ஹிஸ்டமின் இருக்கிறது. பூச்சி கடித்தாலோ, ஒவ்வாதது பட்டாலோ, என்னைப் போன்றவர்களுக்குக் குளிர் பட்டாலோ, செல் மணிகளை வெளியே கொட்டிவிடும். கொட்டிய ஹிஸ்டமின் போய் உட்கார உடம்பில் சில இடங்கள் உண்டு. ஏற்பி என்று பாடப்புத்தகம் சொல்லும். ரத்தக் குழாய்களில் இருக்கும் முதல் வகை ஏற்பியில் உட்கார்ந்தால் தோல் சிவக்கும், தடிக்கும், பைத்தியம் பிடிக்கிற மாதிரி அரிக்கும். அரிப்பு மாத்திரைகள் எல்லாம் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிற மாத்திரைகள்தாம். தின்றால் தூக்கம் வரும், அது கூலி.

இரண்டாம் வகை ஏற்பி ஒன்று உண்டு. வயிற்றில் அமிலம் சுரக்க வைப்பது அதுதான். நான் படிக்கும்போது அது புதுச் சங்கதி. அதே இரண்டாம் ஏற்பி, ஹிஸ்டமினைக் கொட்டுகிற செல்களின் மேலேயும் இருக்கிறது என்று ஒரு நாள் பேராசிரியை சொன்னார். வெளியே போன ஹிஸ்டமின் திரும்பி வந்து, தன்னைக் கொட்டிய செல்லின் மேலேயே உட்கார்ந்து, போதும் நிறுத்து என்கிறதாம். எனக்கு அதைக் கேட்டதும் அம்மாவின் அடுப்படிதான் ஞாபகம் வந்தது. பால் பொங்கினால், பொங்கி வழிகிற பாலே அடுப்பை அணைத்துவிடும் அல்லவா, அதேதான். உடம்பின் எல்லா இடத்து மாஸ்ட் செல்லும் அப்படித்தான் நடந்துகொள்ளுமா என்று அன்றைக்கு யாரும் அடித்துச் சொல்லவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. பரீட்சை முடிந்த கையோடு மாலை போட்டுவிட்டார்கள். ஆசை மதுரையிலேயே நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். “தோல்ல ஏதோ இருக்குன்னு வாயைத் திறந்துராதேம்மா. தங்கச்சி இருக்கா.” தோல் நோய் என்றால் அந்தக் காலத்தில் ஜனங்களுக்கு ஒரே ஒரு நோய்தான் ஞாபகம் வரும். அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்கும் என்று வந்த வரன் வாசலோடு திரும்பிவிடும். சரி என்றேன்.

கணவரிடம் மறைக்க முடியவில்லை. முதல் வாரத்திலேயே சாரலில் நனைந்த சன்னல் கம்பியைப் பிடித்துவிட்டு உள்ளங்கை வீங்கியதை அவர் பார்த்தார். நான் மாஸ்ட் செல்லிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர். கேட்டு முடித்துவிட்டு, “அம்மைட்ட மட்டும் சொல்லாத. தங்கச்சி கல்யாணம் முடியட்டும்” என்றார். அவருக்கும் ஒரு தங்கச்சி. அப்பாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல.

அவருக்குச் செங்கோட்டை – புனலூர் பாதையில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எனக்கு வேண்டிய அரிப்பு மாத்திரையைத் திருநெல்வேலியில் வாங்கி வருவார். தென்காசியில் வாங்க முடியாது, மருந்துக்கடைக்காரர் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. நான் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிடும்.

ஆனி பிறந்தால் மேற்கே மலை காணாமல் போகும். கேரளத்து மேகம் கணவாய் வழியாகத் தலையை நீட்டும். வெயில் அடிக்கும்போதே பொடிப்பொடியாகத் தூவும். ஊரே முகத்தை அண்ணாந்து “ஆகா, சாரல்!” என்று சிரிக்கும். நான் சன்னலைச் சாத்துவேன். கொடியில் காயும் துணியை எடுக்க முற்றத்துக்குப் போக முடியாது. கோயிலுக்குப் போனால், தென்காசிக் கோபுர வாசலில் வீசுகிற காற்றுக்கே கன்னம் தடிக்கும். முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு போனால், “மருமக நல்ல அடக்கம்” என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனியில் தொடங்கி ஆவணி முடிகிற வரை, மூடிய சன்னலுக்கு உள்ளே, அடுப்புப் புகையோடு, தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அடக்கம் என்று பெயர்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணீரென்ற குரல், பெரிய கை, பெரிய மனது. கணவரை இழந்த பிறகு வயலையும் வீட்டையும் தனியாகக் கட்டி மேய்த்தவர். காலையில் கிணற்றடியில் நின்று நாலு வாளி தண்ணீரை “சிவ சிவா” என்று தலையில் கொட்டிக்கொள்வார். நான் வெந்நீர் போட விறகு எடுத்தால் அங்கிருந்தே குரல் வரும்.

“குத்தாலத்துத் தண்ணி கெணத்துல கெடக்கு, இவ வெந்நி போடுதா! ஊர்ல கேட்டா சிரிப்பாவ ஏட்டி!”

“தலைவலி, அத்தை.”

“நெதமும் ஒரு தலவலியா? ஒனக்கு எத்தன தல இருக்கு?”

இதற்கெல்லாம் நடுவே நான் ஒரு காரியம் ரகசியமாகச் செய்துகொண்டிருந்தேன். குளிக்கிற அறையில், கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஒரு விரலைப் பச்சைத் தண்ணீரில் நனைப்பேன். தடிக்கும். அடங்கும். அடங்கின சூட்டோடு மறுபடி நனைத்தால் முன்னைப்போலத் தடிக்காது. செல்லில் இருந்த மணிகள் காலியாகியிருக்கும், மறுபடி நிரம்ப நேரம் பிடிக்கும். தினம் விடாமல் செய்தால் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். விரலில் தொடங்கி உள்ளங்கை, மணிக்கட்டு என்று ஏறினேன். இரண்டாவது வருடம் சீசன் தொடங்கும்போது முழங்கை வரை வந்துவிட்டேன். பரிசோதனைக்கு ஒரே ஆள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. பேராசிரியை பார்த்தால் இதைக் குப்பையில் போடு என்பார். ஆனால் அந்தக் குளிக்கிற அறையில்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தவளாக இருந்தேன். வெளியே வந்தால் தூங்குமூஞ்சி மருமகள்.

அந்தத் தூக்கம்தான் வினையாக வந்தது. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சாமியாடினேன். அன்றைக்கு மாமியார் என் டிரங்குப் பெட்டியைத் தானாகத் திறந்து பார்த்தாரா, இல்லை சேலை அடுக்கும்போது கண்ணில் பட்டதா தெரியவில்லை, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றார்.

“என்னட்டி இது?”

வாயில் வந்த முதல் பொய்யைச் சொன்னேன். “வயித்துல எரிச்சல், அத்தை. புண்ணு மாதிரி.”

அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கும் அதாம்ட்டி! இத்தன நாளும் ஏன் சொல்லல? காப்பி குடிச்சா நெஞ்சுக்குழில தீய வச்ச மாதிரி இருக்கும், இல்லா? அய்யோ பாவம், அதான் இப்பிடி வாடிப்போயி கெடக்கியா?”

அவருக்கு வயிற்றுப் புண் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு அவர் தின்கிற மாத்திரை இன்னதென்று தெரியாது. கடையநல்லூரிலிருந்து கைத்தறித் துணி கொண்டுவரும் பாய் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வாடிக்கை. அவருடைய மகன் துபாயில் இருந்தான். வரும்போதெல்லாம் மாமியாருக்கென்று புதுசாக வந்திருந்த வயிற்றுப் புண் மாத்திரையைக் கொண்டுவருவான். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாத்திரை என்றால் பாதி நோய் அட்டையைப் பார்த்தே போய்விடும். மாமியார் அதைத் தங்கக் காசு மாதிரி பீரோவுக்குள் வைத்திருந்தார். யாருக்கும் கொடுக்க மாட்டார், சொந்தத் தங்கை கேட்டபோதுகூட இல்லை என்றவர்.

அந்த மாத்திரையைத்தான் எனக்குப் பாதிக்குப் பாதி பங்கு வைத்தார்.

“இந்த ஊரு மாத்திரயத் தூரப் போடு. தின்னுட்டுத் தூங்கித் தூங்கி விழுத. இது பாரு, சீமை மருந்து.” என் அரிப்பு மாத்திரை அட்டையைச் சன்னல் வழியே சாக்கடையில் வீசினார். பிறகு பீரோவைத் திறந்து, வெளிநாட்டு அட்டையை என் கையில் கொடுத்தார். நான் பெயரைப் படித்தேன். பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்தேன்.

இரண்டாம் ஏற்பியை அடைக்கிற மாத்திரை அது. உலகத்தில் எத்தனையோ மாத்திரை இருக்க, எனக்கு அதுவா வர வேண்டும்! முதல் ஏற்பியை அடைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மாத்திரை சாக்கடையில் கிடந்தது. போதும் நிறுத்து என்று சொல்லுகிற ஏற்பியின் வாயை மூடுகிற மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. இனி பால் பொங்கினால் அடுப்பை அணைக்க ஆள் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்வதென்றால் முதல் பொய்யிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு தங்கச்சிகள் குறுக்கே நின்றார்கள்.

காலையும் இரவும் மாமியார் தம்ளரில் தண்ணீரோடு வந்து எதிரே நின்றார். நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டு போய்த் துப்பலாம் என்று பார்த்தேன். “பேசு, ஏதாவது பேசு” என்பார். அவர் தங்கை இப்படித்தான் சின்ன வயதில் கசப்பு மருந்தை ஒதுக்குவாளாம், அந்த அனுபவம். விழுங்கினேன். பாசத்தைத் துப்ப முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார், அடுத்த மாத்திரை அவர் வந்தால்தான்.

குளிக்கிற அறையில் கையை நனைத்துப் பார்த்தேன். முழங்கை வரை பழகியிருந்த கை, விரல் நனைந்ததற்கே மணிக்கட்டு வரை தடித்தது. முன்பெல்லாம் ஒரு கும்பா சோறு தின்கிற நேரத்தில் அடங்கிவிடும். இப்போது உலை வைத்து இறக்கின பிறகும் தடிப்பு நின்றது. மாத்திரையாலா, அரிப்பு மாத்திரை நின்றதாலா, பயத்தாலா, எதனால் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். மாதக்கணக்கில் அங்குலம் அங்குலமாக ஏறின படியெல்லாம் போய்விட்டது.

அந்த வாரம்தான் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். தென்காசியில் வீடு இருந்தால் சீசனில் உறவுக்குப் பஞ்சமே இருக்காது. மற்ற மாதங்களில் செத்தாயா பிழைத்தாயா என்று கேட்காதவர்கள் எல்லாம், “அருவியில தண்ணி விழுதா?” என்று கார்டு போடுவார்கள். அப்படி வந்தவர்களில் மாமியாரின் தங்கையும் ஒருவர். மதுரையிலிருந்து வந்த அந்தச் சின்ன மாமியார் இட்லியைப் பிட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கல்யாணமாகி ரெண்டாவது சீசன். இவ இன்னும் அருவியில தல நனைக்கலயாமே? பொறவு எப்பிடிக்கா வயிறு தொறக்கும்?”

ஹாலில் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். மாமியாருக்குச் சுருக்கென்றது, எனக்காகத்தான். “நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். வெள்ளிக்கெழம வேற” என்றார்.

எனக்குத் தூரம் என்று சொல்லலாம். ஆனால் முந்தின வாரம்தான் அது முடிந்தது, அந்தக் கணக்கெல்லாம் மாமியாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காய்ச்சல் என்று சொன்னால், அருவியில் நின்றால் காய்ச்சல் போய்விடும் என்பார்கள். அந்த வட்டாரத்தில் அருவித் தண்ணீர் தீர்க்காத நோய் கிடையாது. ஓரமாக நின்று ஒரு கை தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கை நனைந்தால் தடிப்பு. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நனைந்தால், எல்லாச் செல்லும் சேர்ந்து கொட்டினால், ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து நாடி விழுந்துவிடும். தொண்டை அடைக்கும். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். எண்ணெய் வழுக்கும் பாறை, ஈரப் பாவாடைகள், கூச்சல். அருவிக்குக் கொஞ்ச தூரத்திலேயே நீர்த்தூவல் புகை மாதிரி வந்து மூடியது. முகம் காந்தத் தொடங்கியது. நான் நின்றுவிட்டேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பயப்படாத, நான் பிடிச்சிருக்கேன்லா.”

“அத்தை, எனக்கு ஆகாது! பச்சைத் தண்ணி பட்டா எனக்கு ஆகாது!” என்று கத்தினேன். அப்பாவுக்கும் கணவருக்கும் கொடுத்த வாக்கெல்லாம் அந்த நேரத்தில் போன இடம் தெரியவில்லை. இரண்டு சீசனாகச் சொல்லாததை அடித்தொண்டையில் சொன்னேன். அருவி போட்ட இரைச்சலில் என் குரல் என் காதுக்கே விழவில்லை. மாமியார் என் வாய் அசைவதைப் பார்த்து, நான் சாமி பெயரைச் சொல்லுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “ஆமா ஆமா, வேண்டிக்கோ” என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு என்னை உள்ளே இழுத்தார். பின்னாலிருந்து சின்ன மாமியார் தள்ளினார்.

தண்ணீர் தலையில் கல் மாதிரி விழுந்தது. அப்புறம் உடம்பு முழுக்கத் தீ. அருவிக்குக் கீழே நின்று எரிகிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன் பிறகு மூச்சு சிறுத்தது. கண் இருட்டியது. பாறை மேலே வந்து மோதியதா, நான் கீழே போனேனா தெரியவில்லை.

நினைவு வந்தபோது ஒரு சாயாக் கடை அடுப்புக்கு முன்னால் பெஞ்சில் கிடந்தேன். மேலே மாமியாரின் உலர்ந்த சேலை சுற்றியிருந்தது. அவர் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பில்லாமல், என் கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கை என் கையாக இல்லை. தோள் வரைக்கும் வரிவரியாகத் தடித்து, விரல் மடங்கவில்லை. பக்கத்தில் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் ஓடி வந்து ஊசி போட்டார். “தண்ணி ஒத்துக்கல. அலர்ஜி. இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா அவ்வளவுதான்” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் வீட்டில் என்னைக் கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்துவிட்டு, மாமியார் கதவைச் சாத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாத்தூர் ஐஸிலிருந்து, அப்பா சொன்னது, அவர் மகன் சொன்னது, வயிற்றுப் புண் பொய், சாக்கடையில் போன மாத்திரை, அவர் கொடுத்த மாத்திரை செய்யக்கூடிய வேலை, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. திட்டப்போகிறார், அப்பாவைக் கூப்பிடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்போது பயமே இல்லை. சொல்லியாகிவிட்டது, இனி நடப்பது நடக்கட்டும் என்று ஒரு நிம்மதி.

அவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாகக் கேட்டார்:

“ஏட்டி, எங்கிட்டச் சொல்லிருந்தா ஒனக்காவ நான் பொய் சொல்லிருப்பேம்லா? ஒத்தைல கெடந்து நீயே எதுக்குச் சொன்ன? ஒனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியுதா? வயித்துப் புண்ணாம்லா வயித்துப் புண்ணு!”

எழுந்து ஹாலுக்குப் போனார். எனக்குக் கேட்டது. “எம் மருமவ ஒரு வெரதம் இருந்திருக்கா. பிள்ள பொறக்குற வரைக்கும் அருவியில நனையதில்லன்னு அம்மனுக்கு நேந்திருக்கா. வெளிய சொன்னா வெரதம் கெட்டுரும்னு மூச்சு விடல. நாமல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிட்டோம், அதாம் அம்மன் காட்டிட்டா.” சின்ன மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

கம்பளிக்குள் படுத்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நொடி திறந்த கதவை அவர் அன்பாகவே சாத்திவிட்டார். முன்பு நான் ஒருத்தி காத்த ரகசியத்துக்கு இப்போது காவல் இரண்டு பேர்.

இத்தனைக்கும் அவர் எனக்கு நல்லதே செய்தார். வெந்நீருக்கு அவரே விறகு பிளந்து போட்டார். அரிப்பு மாத்திரை பீரோவில் வெளிநாட்டு அட்டைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. மேகம் கூடினால் எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவார். யாராவது கேட்டால், “பூன வருது”, “கொசு வருது” என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார்.

என் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. நாத்தனாருக்கும் ஆனது. “இனிமேல் சொல்லிவிடலாமே, அத்தை” என்றேன்.

“எம் மவளுக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்குல்லா” என்றார்.

எனக்கும் பெண் பிறந்தது. விரதம் பிள்ளை பிறக்கும் வரை என்று சொல்லிவிட்டதால் மாமியார் அதை நீட்டிக்க வேண்டிவந்தது. முதலில் முடி இறக்கும் வரை என்றார், பிறகு காது குத்தும் வரை, பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை. அம்மனே குழம்பிப் போயிருப்பாள். குழந்தைக்கு முதல் சீசன் வந்தபோது, நானும் மாமியாரும் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சன்னலைத் திறந்து அதன் உள்ளங்கையைச் சாரலில் நீட்டிப் பிடித்தோம். இந்த வகை அநேகமாகப் பிள்ளைக்கு வராது என்று எனக்குப் பாடம் தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சு அடித்துக்கொண்டது. கையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். ரோஜா நிறத்தில் அப்படியே இருந்தது. அது சிரித்துக்கொண்டு மறுபடி கையை வெளியே நீட்டியது. “ஒண்ணுமில்ல ஏட்டி, ஒண்ணுமே இல்ல” என்று மாமியார் என் தலையில் முட்டினார். இருவரும் அழுதோம்.

எனக்கு இருப்பது அவளுக்கு வரவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தது, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடத்துச் சீசன் வரைக்கும்தான். அந்த வருடமும் வீடு நிறைய ஆட்கள். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வந்திருந்த ஒரு பெண், “ஒங்க அம்மா ஏன் அருவிக்கு வரல?” என்று என் மகளைக் கேட்டது காதில் விழுந்தது.

“எங்கம்மை வெரதம்” என்றாள் என் மகள். கண் சிமிட்டாமல், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அப்படியே அவள் ஆச்சி சொல்வது போல. “வெளிய சொல்லக் கூடாது.”

யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே போட்டேன். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். சன்னலைத் திறந்து, என் கையை வெளியே நீட்டினேன். சாரல் நன்றாக அடித்தது. உள்ளே எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தடிப்பு எழும்புவதை அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

“பார்த்துக்கோ. இதுதான். விரதமெல்லாம் ஒண்ணும் இல்லை. குளிர்ந்த தண்ணி அம்மாவுக்கு ஆகாது.”

“வலிக்குமா?”

“அரிக்கும்.”

தடிப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த நிமிடம் என் பிடியை உதறிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். “எங்கம்மைக்கு மழை பட்டா கை வீங்குது! எல்லாரும் வந்து பாருங்க! வெரதம்லாம் இல்லயாம்!”

நான் கதவோரம் நின்றேன். நெஞ்சுக்குள் அருவி விழுந்தது. மாமியார் சட்னிச் சட்டியோடு நடு ஹாலில் நின்றுவிட்டார். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

“அப்பிடியா? எங்க தெருவுல ஒருத்திக்குக் கத்திரிக்கா தின்னா இப்பிடித்தான் வரும்” என்றாள் கேட்ட பெண். “எங்க வீட்டுக்காரருக்கு நண்டு” என்றாள் இன்னொருத்தி. சின்ன மாமியார் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். “அப்பம் அந்த வெரதம்?”

“அதும் உண்டு, இதும் உண்டு” என்றார் மாமியார், சட்டியைக் கீழே வைக்காமல்.

“அப்பச் சரி. சட்னி கொஞ்சம் விடுக்கா” என்று சின்ன மாமியார் தட்டை நீட்டினார்.

அவ்வளவுதான். நாத்தனாரின் மகளைப் பற்றி யாரும் பேசவில்லை. தங்கையின் பெயரை யாரும் எடுக்கவில்லை. பேச்சு ஐந்தருவியில் கூட்டம் எப்படி என்பதற்குப் போய்விட்டது. இதற்கா? இதற்கா நான் இத்தனை வருடம் சன்னலுக்கு உள்ளே கிடந்தேன், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அழுதேன், செத்துப் பிழைத்தேன்? அடுப்படியில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. நான் திருப்பிப் போடவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, வாய்விட்டு, வீடே கேட்கும்படி அழுதேன்.

அப்போது காற்று மாறி, ஹால் சன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. பூனை வருகிறது, கொசு வருகிறது என்று மாமியார் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“ஏலே, யாராவது அந்தச் சன்னலச் சாத்துங்கலே!” கணீரென்று குரல் வந்தது. “எம் மருமவளுக்குச் சாரல் ஆவாது.”